ஐஎஸ்ஓ, டிஎம்ஜி ஃபைல் திறக்கவில்லையா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சிடி அல்லது டிவிடியின் முழு நகலை ஒரே ஃபைலாக வைத்திருப்பது ஐஎஸ்ஓ, மேக்கில் அதே போன்ற வேலையைச் செய்வது டிஎம்ஜி; இப்படிப்பட்ட நகலை இமேஜ் என்பார்கள். ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் திறக்கவில்லை என்றதும் பலர் செய்யும் முதல் வேலை, "ஐஎஸ்ஓ ஓப்பனர்" என்று கூகுளில் தேடி, மேலே வரும் ஏதோ ஒரு மென்பொருளை நிறுவுவது. அதிலும் திறக்கவில்லை என்றால் அடுத்தது. அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டரில் நாலைந்து புது மென்பொருள்கள் இருக்கும், விளம்பரங்களும் கூடவே வந்திருக்கும், ஃபைல் மட்டும் திறந்திருக்காது. இந்த வேலை கடைசியாகச் செய்ய வேண்டியது. பெரும்பாலும் அதற்குத் தேவையே வராது. விண்டோஸ் 8 வெளியான 2012-லிருந்தே ஐஎஸ்ஓ திறக்கும் வசதி விண்டோஸுக்குள் இருக்கிறது. மேக்கில் டிஎம்ஜிக்குத் தனியாக எதுவும் வேண்டாம்.

திறக்காததற்குக் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஃபைல் முழுசாக வந்து சேரவில்லை. அல்லது முழுசாக வந்திருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற வகை ஃபைல் இல்லை. அல்லது ஃபைலில் ஒரு குறையும் இல்லை, கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு அமைப்பு குறுக்கே நிற்கிறது. எது என்று தெரிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகவே.

முதல் படி: பெயரையும் அளவையும் பாருங்கள்

விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை, அதாவது எக்ஸ்டென்ஷனை, மறைத்து வைக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய், ஷோ என்பதன் கீழே "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை டிக் செய்யுங்கள். ஐஎஸ்ஓ என்று நினைத்தது உண்மையில் ஜிப் ஃபைலாகவோ, பல துண்டுகளாக வந்த ஆர்ஏஆர் ஃபைலின் முதல் துண்டாகவோ இருப்பது இப்போது தெரிந்துவிடும். அப்படி இருந்தால் எல்லாத் துண்டுகளையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, முதல் துண்டை மட்டும் விரித்தால் போதும். உள்ளேயிருந்து இமேஜ் ஃபைல் வரும்.

அடுத்து அளவு. ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸில் பைட் கணக்கில் எவ்வளவு என்று பாருங்கள். ஜிபி கணக்கை நம்ப வேண்டாம். 600 கோடி பைட் உள்ள ஒரு ஃபைலை மேக் 6 ஜிபி என்று காட்டும், விண்டோஸ் கிட்டத்தட்ட 5.6 ஜிபி என்று காட்டும். இரண்டும் ஒரே ஃபைல்தான். விண்டோஸ் 1024-ஐ வைத்து வகுக்கிறது, மேக் 1000-ஐ வைத்து வகுக்கிறது. இதைப் பார்த்து "டவுன்லோட் குறைந்துவிட்டது" என்று நினைத்துத் திரும்பவும் முழு ஃபைலையும் இறக்குபவர்கள் நிறையப் பேர். பைட் எண்ணிக்கையை ஒப்பிட்டால் இந்தக் குழப்பமே வராது.

அளவு வெறும் சில கேபி என்றால், வந்தது இமேஜே இல்லை. லாகின் காலாவதியாகியிருக்கும், அல்லது டவுன்லோட் லிங்க் செத்துப் போயிருக்கும். அந்தப் பிழைச் செய்தி இருந்த வெப் பக்கத்தைத்தான் பிரவுசர் ஐஎஸ்ஓ என்ற பெயரில் சேமித்து வைத்திருக்கிறது. நோட்பேடில் திறந்தால் எச்டிஎம்எல் குறிகள் தெரியும். தளத்தில் மறுபடி லாகின் செய்து இறக்குவதுதான் வழி.

சரி, தளத்தில் பைட் எண்ணிக்கை கொடுக்கவில்லை என்றால்? ஐஎஸ்ஓவுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. சிடி, டிவிடியில் தகவல் 2048 பைட் கொண்ட துண்டுகளாக எழுதப்படுகிறது. ஆகவே ஐஎஸ்ஓவின் மொத்த அளவும் 2048-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். புள்ளிக்குப் பிறகு எண் வந்தால், ஃபைல் பாதியில் அறுந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் மீதியில்லாமல் வகுபட்டுவிட்டது என்பதற்காக ஃபைல் முழுசு என்று முடிவு செய்ய முடியாது.

அளவு சரியாக 4 ஜிபியில் நிற்கிறதா? அப்படியானால் எங்கே சேமித்தீர்கள் என்று பாருங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் ஒரு ஃபைல் 4,294,967,295 பைட்டுக்கு மேல் போக முடியாது. இன்றைய விண்டோஸ் ஐஎஸ்ஓக்கள் அந்த எல்லையைத் தாண்டியவை. பென் டிரைவை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிவிட்டு மறுபடி காப்பி செய்யுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: ஹாஷ் சோதனை

எனக்குக் கேட்டால், இந்த ஒரு சோதனைக்கு ஈடாக வேறு எதுவும் இல்லை. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் எல்லாம் ஐஎஸ்ஓவுடன் ஷா256 என்ற ஹாஷ் மதிப்பையும், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற ஒரு அடையாளத்தையும், வெளியிடுகின்றன. அது 64 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் இந்த மதிப்பு அடியோடு மாறிவிடும்.

விண்டோஸில் செவன்-ஜிப் (சுருக்கிய ஃபைல்களை விரிக்கும் இலவச மென்பொருள்) இருந்தால் ஃபைலை ரைட் கிளிக் செய்து, சிஆர்சி ஷா மெனுவில் ஷா-256-ஐத் தேர்ந்தெடுங்கள். கொஞ்ச நேரத்தில் மதிப்பு வந்துவிடும். தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் ஃபைலில் குறையில்லை, மூன்றாம் படியையும் விட்டுவிட்டு நேராக நான்காவதற்குப் போகலாம். பொருந்தாவிட்டால் எந்த மென்பொருளாலும் அதைச் சரியாகத் திறக்க முடியாது, மறுபடி இறக்கத்தான் வேண்டும்.

மொபைல் டேட்டாவில் 5, 6 ஜிபியைத் திரும்ப இறக்குவது எல்லாருக்கும் முடிகிற காரியம் இல்லை. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. உபுண்டு, டெபியன் இரண்டுமே டொரன்ட் வழியாகவும் (ஃபைலைத் துண்டுகளாகப் பிரித்துப் பலரிடமிருந்து இறக்கும் முறை) அதே ஐஎஸ்ஓவைத் தருகின்றன. அந்த டொரன்ட் ஃபைலை டொரன்ட் மென்பொருளில் சேர்க்கும்போது, சேமிக்கும் இடமாக உங்கள் கெட்டுப்போன ஐஎஸ்ஓ இருக்கும் ஃபோல்டரையே காட்டுங்கள். பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு "ஃபோர்ஸ் ரீசெக்" கொடுங்கள். டொரன்ட் மென்பொருள் ஃபைலைத் துண்டு துண்டாகச் சரிபார்த்து, கெட்ட துண்டுகளை மட்டும் இறக்கிச் சேர்த்துவிடும். பல நேரம் சில எம்பியிலேயே வேலை முடிந்துவிடும்.

இன்னொரு விஷயம். திரும்பத் திரும்ப இறக்கியும் ஹாஷ் பொருந்தவில்லை என்றால், ஒரே ஃபைலுக்கு ஹாஷை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். தொடாமல் கிடக்கும் ஒரே ஃபைலுக்கு இரண்டு வேறு மதிப்பு வருகிறது என்றால் குற்றம் ஃபைலில் இல்லை. ராம் அல்லது டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன் முக்கியமான ஃபைல்களுக்கு ஒரு பேக்கப் எடுத்துவிடுவது நல்லது.

மூன்றாம் படி: உண்மையில் இது என்ன ஃபைல்?

ஃபைலின் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், உள்ளே இருக்கும் பைட்டுகளை அப்படி மாற்றிவிட முடியாது. விண்டோஸில் எச்எக்ஸ்டி, மேக்கில் ஹெக்ஸ் ஃபீண்ட் என்ற இலவச மென்பொருள்கள் எவ்வளவு பெரிய ஃபைலையும் திறந்து பைட்டுகளை அப்படியே காட்டும். பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், சேமிக்க வேண்டாம்.

எச்எக்ஸ்டியில் ஐஎஸ்ஓவைத் திறந்து, கன்ட்ரோல் ஜி அழுத்தி, ஹெக்ஸ் கணக்கில் 8001 என்று கொடுங்கள். ஐஎஸ்ஓவில் முதல் 16 துண்டுகள், அதாவது 32,768 பைட்டுகள், கம்ப்யூட்டர் அமைப்புக்கென்று ஒதுக்கப்பட்டவை. அதைத் தாண்டிய உடனே டிஸ்க்கைப் பற்றிய விவரம் தொடங்கும். நீங்கள் போய் நிற்கும் இடத்தில், வலது பக்கத்தில் சி, டி என்ற எழுத்துகளும் தொடர்ந்து 001 என்ற எண்ணும் தெரிந்தால், அது ஐஎஸ்ஓதான். டிவிடிகளில் பயன்படும் யுடிஎஃப் என்ற முறையில் மட்டுமே எழுதிய டிஸ்க் என்றால் பி, இ, ஏ என்ற எழுத்துகளும் 01-ம் இருக்கும். இரண்டுமே இல்லை என்றால் ஃபைலின் ஆரம்பத்துக்குப் போய்ப் பாருங்கள்.

பி, கே என்று தொடங்கினால் அது ஜிப். ஒரு 00, அதன் பின் பத்து எஃப்எஃப், மறுபடி ஒரு 00 என்று தொடங்கினால், அது சிடியை மூல வடிவத்திலேயே எடுத்த பிஐஎன் வகை இமேஜ். இதில் ஒவ்வொரு துண்டும் 2048-க்குப் பதில் 2352 பைட். யாரோ இதற்கு ஐஎஸ்ஓ என்று பெயர் மாற்றி வைத்திருப்பார்கள். விண்டோஸ் இதைப் பார்த்து "டிஸ்க் இமேஜ் கரப்ட் ஆகிவிட்டது" என்று சொல்லும். உண்மையில் ஒன்றும் கெடவில்லை. வின்சிடிஎமு என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இந்த வகையைத் திறக்கும். என்ஆர்ஜி, எம்டிஎஃப் போன்ற பழைய வகைகளையும் அதிலேயே திறக்கலாம்.

பிஐஎன் ஃபைலோடு கியூ என்று ஒரு சின்ன ஃபைலும் வரும். திறக்க வேண்டியது அந்தக் கியூ ஃபைலைத்தான். அது வெறும் டெக்ஸ்ட், நோட்பேடில் திறந்து பார்க்கலாம். முதல் வரியில் மேற்கோள் குறிக்குள் பிஐஎன் ஃபைலின் பெயர் எழுதியிருக்கும். பிஐஎன் ஃபைலுக்கு நீங்கள் புதுப் பெயர் வைத்திருந்தால் இந்த வரியில் பழைய பெயரே நிற்கும், அதனால்தான் திறக்காது. அந்தப் பெயரை எழுத்துப் பிசகாமல் மாற்றிச் சேமித்தால் போதும்.

ஐஎம்ஜி ஃபைல் மட்டும் தனிக்கதை

ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டருக்கான ஓஎஸ் இறக்கினால் ஐஎம்ஜி ஃபைல் கிடைக்கும், எக்ஸ்இசட் முறையில் சுருக்கியிருப்பார்கள். அதை விரித்து டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் கரப்ட் என்று சொல்லும். அது சிடி இமேஜ் இல்லை, ஒரு மெமரி கார்டின் முழு நகல். உள்ளே ஒரு ஃபேட்32 பகுதியும் லினக்ஸுக்கான எக்ஸ்ட்4 பகுதியும் இருக்கின்றன. இரண்டாவது பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. இந்த ஃபைல் திறந்து பார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்டதல்ல, கார்டில் எழுதுவதற்காகக் கொடுக்கப்பட்டது. ராஸ்பெரி பை இமேஜர், பலேனா எட்சர் இரண்டில் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

எழுதி முடித்த கார்டை விண்டோஸில் செருகினால், "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று ஒரு பெட்டி வரலாம். கேன்சல் கொடுங்கள். விண்டோஸுக்குப் புரியாத அந்த லினக்ஸ் பகுதியைப் பற்றித்தான் கேட்கிறது. ஓகே கொடுத்தால் எழுதியதெல்லாம் போய்விடும்.

விஎச்டி, விஎச்டிஎக்ஸ் ஃபைல்கள் விர்ச்சுவல் மெஷின்களின் ஹார்ட் டிஸ்க். டபுள் கிளிக்கில் திறக்காவிட்டால் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஆக்ஷன் மெனுவில் "அட்டாச் விஎச்டி" கொடுத்து, ரீட் ஒன்லி என்பதையும் டிக் செய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: ஃபைல் சரி, விண்டோஸ் திறக்க மறுக்கிறது

ஹாஷ் பொருந்திவிட்டது. ஆனாலும் திறக்கவில்லை. இங்கேதான் வழக்கமான தொல்லைகள் எல்லாம் வரிசையாக நிற்கும்.

டபுள் கிளிக் செய்தால் வின்ரார் திறக்கிறதா? வின்ரார் நிறுவும்போது ஐஎஸ்ஓவையும் தன் பெயரில் எழுதிக்கொண்டிருக்கும். ரைட் கிளிக் செய்து "ஓப்பன் வித்" போய் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுங்கள். நிரந்தரமாக மாற்ற, செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் டீஃபால்ட் ஆப்ஸ் போய், ஐஎஸ்ஓ எக்ஸ்டென்ஷனைத் தேடி அதை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரருக்குக் கொடுங்கள்.

பிழைச் செய்தி, ஃபைல் என்டிஎஃப்எஸ் டிரைவில் இருக்க வேண்டும், சுருக்கிய ஃபோல்டரில் இருக்கக் கூடாது என்கிறதா? இந்தச் செய்தி பலரைக் குழப்புகிறது, ஏனென்றால் ஃபைல் ஏற்கெனவே என்டிஎஃப்எஸ் டிரைவில்தான் இருக்கும். காரணம் பெரும்பாலும் "ஸ்பார்ஸ்" என்ற ஒரு குறி. சில டவுன்லோட் மென்பொருள்கள், குறிப்பாக டொரன்ட் மென்பொருள்கள், தரவு வருவதற்கு முன்பே, டிஸ்க்கில் இடம் பிடிக்காமல் ஃபைலை முழு அளவில் உருவாக்கி வைப்பதற்காக இந்தக் குறியைப் போடுகின்றன. டவுன்லோட் முடிந்த பிறகும் அது அப்படியே தங்கிவிடுகிறது. ஃபைலை இன்னொரு ஃபோல்டருக்குக் காப்பி செய்து, அந்தப் புது நகலைத் திறந்து பாருங்கள். ஒரே டிரைவுக்குள் மூவ் செய்தால் குறி போகாது, காப்பிதான் செய்ய வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் ப்ராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு போய், இடத்தை மிச்சப்படுத்தச் சுருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஒன்டிரைவில் இருக்கும் ஃபைல் என்றால் பெயருக்குப் பக்கத்தில் மேகக் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஃபைல் இன்னும் உங்கள் கம்ப்யூட்டருக்கு வரவே இல்லை. ஒன்டிரைவோ நெட்வொர்க் டிரைவோ, எங்கே இருந்தாலும் முதலில் சி டிரைவில் சாதாரண ஃபோல்டர் ஒன்றுக்குக் காப்பி செய்து, அங்கிருந்து முயலுங்கள்.

ஒரு பிழையும் வரவில்லை, ஆனால் டிரைவும் தெரியவில்லை என்றால், ஏற்கெனவே மவுன்ட் ஆகியிருக்கலாம், அதாவது டிஸ்க் ஒன்றைச் செருகியது போல இமேஜ் இணைந்து நிற்கலாம். திஸ் பிசியில் புதிதாக ஒரு டிவிடி டிரைவ் இருந்தால் அதை எஜெக்ட் செய்துவிட்டு மறுபடி திறங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த டிரைவுக்கு எழுத்து ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நீங்களே ஒன்று கொடுங்கள்.

திறந்தது, உள்ளே ரீட்மீ என்று ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்தான் இருக்கிறதா? விண்டோஸ் நிறுவும் ஐஎஸ்ஓவை யுடிஎஃப் தெரியாத பழைய மென்பொருளில் திறந்தால் இப்படித்தான் வரும். இந்த டிஸ்க்கைப் படிக்க யுடிஎஃப் வேண்டும் என்று அந்த ஃபைலிலேயே எழுதியிருக்கும். எக்ஸ்ப்ளோரரில் திறந்தால் மற்றதெல்லாம் தெரியும்.

இன்னும் விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு ஐஎஸ்ஓ திறக்கும் வசதி கிடையாது. வின்சிடிஎமு நிறுவிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். இணையத்திலிருந்து வரும் ஆஃபீஸ் ஃபைல்களின் மேக்ரோக்களை (ஃபைலுக்குள்ளேயே இருக்கும் சின்ன நிரல்களை) தடுக்கப்போவதாக 2022 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அந்தக் காலத்தில் மோசடி மெயில் அனுப்புகிறவர்கள் பலர் ஐஎஸ்ஓ பக்கம் திரும்பினார்கள். இணையத்திலிருந்து வந்தது என்ற குறி ஐஎஸ்ஓவின் மேல் இருந்தாலும், உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு அது அப்போது போய்ச் சேரவில்லை. 2022 நவம்பர் அப்டேட்டில்தான் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. இன்வாய்ஸ், கூரியர் ரசீது என்ற பெயரில் மெயிலில் வரும் சின்ன ஐஎஸ்ஓ திறக்கவில்லை என்றால் அதைத் திறக்க வழி தேடாதீர்கள். அழித்துவிடுங்கள். எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்த ஃபைலுக்கு மட்டும் ப்ராப்பர்டீஸில் "அன்பிளாக்" டிக் செய்யலாம்.

மேக்கில் டிஎம்ஜி திறக்காதபோது

ஐஎஸ்ஓவில் டிஸ்க்கைப் பற்றிய விவரம் ஆரம்பத்தில் இருக்கிறது. டிஎம்ஜியில் அது கடைசியில். ஃபைலின் கடைசி 512 பைட்டுகள் கே, ஓ, எல், ஒய் என்ற நான்கு எழுத்துகளோடு தொடங்கும். மற்றவை எல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்பதை மேக் இதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. அதனால் பாதியில் அறுந்த ஐஎஸ்ஓ பல நேரம் திறந்துவிடும், ஃபோல்டர்கள் கூடத் தெரியும், உள்ளே ஏதாவது ஒரு ஃபைலைக் காப்பி செய்யும்போதுதான் தடுக்கும். பாதியில் அறுந்த டிஎம்ஜி வாசலிலேயே நின்றுவிடும். "இமேஜ் நாட் ரெகக்னைஸ்டு" என்று மேக் சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

"நோ மவுன்டபிள் ஃபைல் சிஸ்டம்ஸ்" என்பது வேறு. மேக் இமேஜைப் படித்துவிட்டது, ஆனால் உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைல்களை அடுக்கி வைத்திருக்கும் முறை, அதற்குத் தெரியவில்லை. ஏபிஎஃப்எஸ் என்ற புது முறை 2017-ல் ஹை சியரா என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு வந்தது. அதற்கு முந்தைய எல் கேபிட்டன் பதிப்பில் நிற்கும் பழைய மேக்கில் ஏபிஎஃப்எஸ் டிஎம்ஜியைத் திறக்க முடியாது. எதிர்ப்பக்கமும் உண்டு. பழைய எச்எஃப்எஸ் ஸ்டாண்டர்ட் முறையை 2019-ல் வந்த கேட்டலினா கைவிட்டது. 1990-களின் மேக் சிடியிலிருந்து எடுத்த இமேஜ் புது மேக்கில் திறக்காததற்கு அதுவே காரணம். கேட்டலினாவைவிடப் பழைய மேக்ஓஎஸ் ஓடும் ஒரு மேக் கிடைத்தால் அங்கே திறந்து, உள்ளே இருப்பதை வெளியே காப்பி செய்துவிடலாம்.

சந்தேகம் தீர, டிஸ்க் யுட்டிலிட்டியைத் திறந்து இமேஜஸ் மெனுவில் வெரிஃபை கொடுங்கள். டிஎம்ஜி பெரும்பாலும் தன் செக்சம்மை, அதாவது ஹாஷ் போன்ற சரிபார்ப்பு மதிப்பை, தனக்குள்ளேயே வைத்திருக்கும். "ரிசோர்ஸ் பிஸி" என்றால் ஃபைண்டரில் ஏற்கெனவே மவுன்ட் ஆகியிருப்பதை எஜெக்ட் செய்து, தேவைப்பட்டால் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

டிஎம்ஜி திறந்துவிட்டது, உள்ளே இருக்கும் ஆப்தான் ஓட மறுக்கிறது என்றால் அது கேட்கீப்பர் என்ற மேக்கின் பாதுகாப்பு வசதியின் வேலை. 2024-ல் வந்த செக்கோயாவிலிருந்து, கன்ட்ரோல் கிளிக் செய்து ஓப்பன் கொடுக்கும் பழைய வழி அடைபட்டுவிட்டது. ஒருமுறை திறக்க முயன்ற பிறகு சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் "ஓப்பன் எனிவே" கொடுக்க வேண்டும்.

விண்டோஸில் டிஎம்ஜியின் உள்ளே பார்க்க வேண்டுமா? செவன்-ஜிப் போதும். 2022-ல் வந்த 22.00 பதிப்பிலிருந்து ஏபிஎஃப்எஸ் இமேஜையும் அது படிக்கிறது. ஆப் ஓடாது, ஃபைல்களை எடுத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டு போட்ட டிஎம்ஜிக்கு மட்டும் பாஸ்வேர்டு இல்லாமல் வழியில்லை. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

மறுபடி இறக்க வழியே இல்லாதபோது

கல்யாண டிவிடி, பழைய போட்டோ சிடி என்று நாமே எடுத்து வைத்த இமேஜ்களுக்கு வேறு நகல் இருக்காது. இவற்றில் எதைச் செய்வதானாலும் முதலில் ஃபைலை ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

வீடியோ டிவிடி இமேஜ் என்றால் நேராக விஎல்சி பிளேயரில் திறந்து பாருங்கள். மவுன்ட் செய்யாமலே அது ஐஎஸ்ஓவை ஓட்டும், கெட்ட இடங்களில் படம் உடைந்தாலும் தாண்டிப் போக முயலும். மற்ற இமேஜ்களை செவன்-ஜிப்பில் திறந்து, உள்ளே இருப்பதை ஒட்டுமொத்தமாக எக்ஸ்ட்ராக்ட் செய்யுங்கள். சில ஃபைல்களுக்குப் பிழை காட்டும், மீதி வந்துவிடும். அதிலும் ஒன்றும் வரவில்லை என்றால் போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் ஃபோல்டர் அமைப்பையே பார்க்காமல், பைட்டுகளுக்கு நடுவே படங்களையும் வீடியோக்களையும் தேடி எடுக்கும். பெயர்கள் போய்விடும், படங்கள் கிடைக்கும். எடுத்ததைச் சேமிக்க வேறொரு டிரைவைக் காட்டுங்கள்.

அசல் சிடி இன்னும் கையில் இருக்கிறதா? அப்படியானால் கெட்ட இமேஜோடு மல்லுக்கட்டுவதைவிட, மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்கோட்டில் துடைத்து, மறுபடி இமேஜ் எடுப்பது மேல். லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் படித்து எடுத்துவிட்டு, கீறல் விழுந்த இடங்களுக்குப் பிறகு திரும்பி வந்து முயலும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்ளும். அந்த மேப் ஃபைலை அழிக்காமல் வைத்திருந்தால், அதே சிடியை வேறொரு கம்ப்யூட்டரின் டிரைவில் போட்டு, விட்டுப்போன இடங்களை மட்டும் தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காத இடத்தை இன்னொரு டிரைவ் படித்துவிடுவது உண்டு. ஆகவே டிரைவை மாற்றிப் பார்க்காமல் சிடியைத் தூக்கிப் போடாதீர்கள்.